அஞ்சாவது லைட்டு

டேய், இந்தக் கடிதாசி உனக்குத்தான், ஆனா இன்னிக்கி இருக்கிற உனக்கு இல்ல. இன்னிக்கி உனக்கு ஆறு வயசு. பக்கத்து ரூம்ல குப்புறப் படுத்துக்கிட்டு, நான் தூக்கிப் போட்ட ஆபீஸ் தாளோட பின்பக்கத்துல ரயில் வரைஞ்சிட்டு இருக்கே. நான் எழுதுறது பின்னாடி வரப்போற உனக்கு. என்னை விட உசரமா, தானா ஷேவ் பண்ணத் தெரிஞ்சு, வேலைக்கோ படிப்புக்கோ வேற ஊருக்குக் கெளம்பப் பெட்டிய மூடிக்கிட்டு நிப்பியே, அந்த உனக்கு. அன்னிக்கி நான் ஏதாவது சொல்ல நினைச்சா அழுகை வந்துரும், இல்லன்னா இப்ப மாதிரி ஒண்ணுமே வராது. ரெண்டுல எதுன்னு தெரியாததால முன்கூட்டியே எழுதி வெக்கிறேன். பேசுற மாதிரியேதான் எழுதுறேன். இந்த ஹிந்தி ஊர்ல, ஜனக்புரில, உன்னைத் தமிழ் சொல்லித் தர்ற ஸ்கூல்லதான் சேத்திருக்கோம், இருந்தாலும் இங்க பொறந்த பிள்ளைங்களை நான் பாத்துட்டேன், வீட்டுல பேசுவாங்க, படிக்கச் சொன்னா ஓடுவாங்க. உன்னால படிக்க முடியலன்னா யாரையாவது சத்தமா வாசிக்கச் சொல்லு. காதுல கேட்டா உனக்குப் புரிஞ்சிரும்.

அம்மா போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. காய்ச்சல்னு படுத்தா, ஆஸ்பத்திரிக்குப் போனோம், அஞ்சாவது நாள் அவ இல்ல. அவ்வளவுதான் என்னால எழுத முடியும். அதுல ரெண்டு மாசம் நான் அழவே இல்ல. எனக்கே அது விசித்திரமா இருந்துச்சு. ஒரு கருவி வேலை செய்யலன்னா நான் முதல்ல கேக்குறது, கரெண்ட் வருதா, ஒயர் விட்டுப் போச்சா, இல்ல எல்லாம் வருதுதான், மீட்டர்தான் காட்டலையா? என்னைப் பத்தியும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். காரியத்தன்னிக்கி வீடு நெறைய ஆளுங்க. நான் பாட்டுக்கு ஃபேன் ஏன் ஒரு பக்கமா ஆடுதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் ஸ்கூல் டைரியில கையெழுத்துப் போட்டேன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணேன், ஆபீசுக்குப் போனேன். எல்லாம் சரியா நடந்துச்சு. நடத்துறவன் மட்டும் எங்கயோ தள்ளி நின்னான்.

அம்மாவோட தங்கச்சி, உன் ராஜி சித்தி, பாளையங்கோட்டையிலேருந்து மறுநாளே வந்து நம்மளோடதான் இருந்தா. அவதான் ரெண்டு பேரையும் சாப்பிட வெச்சா. ஒருநாள் அம்மா வேலை பாத்த பேங்க்ல ஏதோ பேப்பர் குடுக்கணும்னு சித்தி வெளியில போனதால, நான் சோறு ரசம் வெச்சேன். மத்தியானம் சாப்பிட்டோம். சாயங்காலமும் அதையே சாப்பிட்டோம். சித்தி வந்து ஒரு வாய் வெச்சவ, "அத்தான், இதுல உப்பே இல்லையே. ரெண்டு நேரமும் எப்படித் தின்னீக?"ன்னு கேட்டா. எனக்கு நெஜமாவே தெரியல. அவ உன் பக்கம் திரும்பி, உனக்குமா தெரியலன்னு கேட்டா. நீ சொன்ன: "தெரிஞ்சுச்சு. அப்பா சாப்பிட்டாங்க. அதான் நானும் சாப்பிட்டேன்."

சித்தி அன்னிக்கி அந்த ரசத்துல உப்பைப் போட்டு மூடி வெச்சா. மறுநாள் காலையில பேசினா. பையன் ஊருக்கு வரட்டும், எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு, மூணாவதா இவன் இருப்பான், உங்களுக்கு மனசு ஆறுனதும் வந்து கூட்டிட்டுப் போங்க, தினமும் போன்ல பாக்கலாம். கோவமே இல்லாம, ஞாயமாத்தான் சொன்னா. நான் சரின்னேன். அவ்வளவு சுலபமா சொன்னேன். வியாழக்கிழமை சாயங்கால வண்டிக்கு ரெண்டு டிக்கெட், ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உனக்கு, நானே புக் பண்ணேன். ஜன்னல் சீட் கிடைச்சிருக்குன்னு உன்கிட்ட சந்தோஷமாச் சொன்னேன் வேற.

உன்னை அனுப்புறது ஏன் என் மனசுக்கு அவ்வளவு சரியாப் பட்டுச்சுன்னு சொல்லணும்னா என் வேலையச் சொல்லணும். அம்மாகிட்ட சொன்ன மாதிரியே சொல்றேன். ரெண்டு சின்ன சாட்டிலைட், ஒவ்வொண்ணும் ஒரு சூட்கேஸ் அளவு. ஒண்ணு பின்னாடி ஒண்ணா பூமியச் சுத்தணும். முன்னாடி போறது அது பாட்டுக்குப் போகும். பின்னாடி வர்றதுக்குத்தான் தலைவலி. பிரிஞ்சும் போகக்கூடாது, போய் இடிக்கவும் கூடாது. அதோட கண்ணு ஒரு கேமரா. முன்னாடி போறதுல லைட்டுங்க இருக்கும். படத்துல அந்த லைட்டு எங்க விழுது, எவ்வளவு இடைவெளி விட்டு விழுதுன்னு பாத்து, பின்னாடி வர்றது தன்னைத்தானே ஓட்டிக்கணும். கீழே இருந்து நாங்க சொல்லிக்கிட்டு இருந்தா நேரமாயிரும். லைட்டு தெரியலன்னா என்ன பண்ணணும்கிறதுக்கும் ஒரு விதி இருக்கு. நான் எழுதுன விதி. யோசிக்காத, பின்னாடி ஒதுங்கு, பத்திரமான தூரத்துக்குப் போயி நில்லு. நல்ல விதிதான். இன்னிக்கி வரைக்கும் நான் அதை மாத்தல. வீட்டுக்கும் அதுவே போதும்னு நினைச்சதுதான் என் தப்பு.

கல்யாணமான புதுசுல அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லும்போது ஒரு விஷயத்துக்கு ரொம்ப நேரம் சிரிச்சா. வானத்துல முன்னாடி போறதப் பிடிக்கணும்னா வேகத்தைக் கூட்டக்கூடாது, குறைக்கணும். குறைச்சா கொஞ்சம் கீழே எறங்கும், கீழே சுத்து சின்னது, அங்க ஓட்டமும் அதிகம், அதனால முந்திரும். அம்மா கேட்டுட்டு, இதை நம்ம ரிங் ரோட்ல பஸ் ஓட்டுறவங்ககிட்ட ஒருநாள் சொல்லிப் பாருங்கன்னா.

வானத்துல பண்றதுக்கு முன்னாடி தரையில பண்ணிப் பாக்கணும் இல்லையா. எங்க லேப்ல வழவழன்னு ஒரு பெரிய கருங்கல் மேசை இருக்கு. அது மேல சாட்டிலைட் மாதிரி ரெண்டு பெட்டி. அடியில காத்து பீச்சி, ஒரு முடி கனத்துக்குத் தூக்கி நிக்கும். விரலால தொட்டாப் போதும், நழுவிப் போயிரும். அங்க டெக்னீஷியன் பிஷ்ட் ஜி, வடக்க மலைப் பக்கத்து ஆளு, ரெண்டுக்கும் பேரு வெச்சார். முன்னாடி போறது ஆகே, பின்னாடி வர்றது பீச்சே. ஹிந்தில முன்னாடி, பின்னாடி, அவ்வளவுதான். ஆனா அவர் கூப்பிடுறதக் கேட்டா ஏதோ வீட்டுப் பிள்ளைங்களக் கூப்பிடுற மாதிரி இருக்கும்.

நீ ஏழு மாசக் குழந்தையா இருந்தப்ப பீச்சே போயி ஆகேவ இடிச்சிருச்சு. ஆகேயோட நாலு பக்கமும் நாலு நாலு லைட்டு, சதுரமா, அளவெடுத்த மாதிரி வெச்சிருந்தேன். அழகா இருக்கும். சூரியனுக்குப் பதிலா ஒரு பெரிய விளக்கு வெச்சிருப்போம், அந்த வெளிச்சம் கேமராவுல அடிச்ச நேரத்துல ஆகே அரைவட்டம் திரும்பிருச்சு. கண்ணு தெளிஞ்சு பாத்த பீச்சேக்கு அதே சதுரம் தெரிஞ்சுச்சு. முதுகை முகம்னு நினைச்சு, போகக்கூடாத பக்கம் போயி மூலையில மோதிருச்சு. நாலு நாளா மண்டையப் பிச்சுக்கிட்டேன். கேமராவ மாத்தலாமா, கணக்க மாத்தலாமான்னு. ஞாயித்துக்கிழமை காலையில அம்மா உன்னைக் குளிப்பாட்டி மடியில போட்டு, கன்னத்துல மை வெச்சுக்கிட்டு இருந்தா. நான் எதிர்ல உக்காந்து பொலம்பிக்கிட்டு இருந்தேன். உன் மூஞ்சில இருந்து கண்ண எடுக்காமலே சொன்னா: "நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா மூஞ்சி எதுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? ஒரு பொட்டு வைங்க. நடுவுல வெக்காதீங்க, கன்னத்துல வைங்க."

நான் சிரிச்சேன். திங்கக்கிழமை லேப்ல சிரிக்கல. முன்பக்கத்துல மட்டும், ஒரு ஓரமா, அழகைக் கெடுக்குற மாதிரி அஞ்சாவதா ஒரு லைட்டு வெச்சோம். பிஷ்ட் ஜி பாத்துட்டு, "அரே, நஜர் கா டீக்கா"ன்னார். அவங்க ஊர்லயும் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு அப்படித்தான் வெப்பாங்களாம். அதுக்கப்புறம் பீச்சே ஒரு தடவகூட முகத்தையும் முதுகையும் மாத்திக்கல.

இப்ப என் இன்னொரு தப்பைக் கேளு. ரிப்போர்ட்ல அந்த லைட்டு பத்தி ஒரு வரி எழுதணும். யாரோட யோசனைன்னு போடணும். பொண்டாட்டி சொன்னாள்னு எப்படி எழுதுறது, சிரிப்பாங்களேன்னு, 'ஆய்வுக் கூட்டத்தில் வந்த ஆலோசனைப்படி'ன்னு எழுதுனேன். அதை வீட்டுல அம்மா எடுத்துப் படிச்சிட்டா. அந்த வரியில விரல வெச்சு, "நான்தான் கூட்டமா?"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. நான் மாத்தியிருக்கலாம். மாத்தல. அந்தப் பெட்டிங்களப் பாக்கணும்னு மூணு தடவ கேட்டா. ஒருதடவ பாஸ் வாங்கணும்னேன், ஒருதடவ டெஸ்ட் முடியட்டும்னேன், மூணாவது தடவ என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்ல. அவ சொன்ன லைட்டு எரியிறத அவ பாக்கவே இல்லடா. நீ பெரிய வேலையில இருக்கலாம், சின்ன வேலையில இருக்கலாம். யாராவது உனக்கு ஒரு யோசனை குடுத்தா பேரைப் போட்டுரு. வந்து பாக்கணும்னு யாராவது கேட்டா அன்னிக்கே கூட்டிட்டுப் போ.

அந்த வாரம் செவ்வாக்கிழமை உனக்கு ஸ்கூல் லீவு. சித்தி மார்க்கெட் போகணும்னா. பாஸ் வாங்கி உன்னை லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாத்தியா, ஒரு பாஸ் வாங்க அரைமணி நேரம்கூட ஆகல. பிஷ்ட் ஜி உனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, மேசைய ஓட விட்டார். ஆகே நகர நகரப் பீச்சே பின்னாடியே போச்சு. நீ ஸ்டூல்லேருந்து குனிஞ்சு பாத்துட்டு, இது ஏன் கிட்ட வர மாட்டேங்குதுன்னு கேட்ட. வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கு. யாரு சொன்னா? நான்தான். அச்சான்னுட்டு, எவ்வளவு தூரம்னு அதுக்கு எப்படித் தெரியும்னு கேட்ட. நல்ல கேள்விடா. எங்க மீட்டிங்ல இத விட மோசமான கேள்வியெல்லாம் வரும்.

கிட்ட இருக்கும்போது லைட்டுங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிய வெச்சுத் தெரிஞ்சுக்கும்னேன். ரொம்பத் தூரம் போயிட்டா அஞ்சு லைட்டும் சேர்ந்து ஒரே புள்ளியா ஆயிரும். அப்ப எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும், எவ்வளவு தூரம்னு தெரியாது. நீ நம்பல. ஒரு கண்ண மூடச் சொல்லி, என் பேனாவ நீட்டி, ஒரு விரலால அதோட முனையத் தொடச் சொன்னேன். உன் விரல் முன்னாடியே எறங்கிருச்சு. மறுபடியும் அப்படித்தான். மூணாவது தடவ நீயா தலைய இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாத்துட்டுத் தொட்ட. நான் சொல்லித் தரல. பீச்சேயும் அதேதான் பண்ணும். தூரம் தெரியலன்னா நின்ன இடத்துலயே நின்னு மொறைச்சா எத்தனை நாளானாலும் தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டுல நகரணும். நகர்ந்தாத்தான் தெரியும்.

அப்புறம் அந்த அஞ்சாவது லைட்டக் காட்டி, இது மட்டும் ஏன் கோணலா இருக்குன்னு கேட்ட. உன் கன்னத்துல அம்மா வெச்ச பொட்டுதான்னேன், ஆகே நம்ம பக்கம் திரும்பியிருக்கா இல்லையான்னு பீச்சே அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும்னு எல்லாத்தையும் சொன்னேன். அம்மா இங்க வந்தாளான்னு கேட்ட. இல்லன்னேன். ஏன்னு நீ கேக்கல. எழுந்து போயி அந்த லைட்ட உன் கட்டை விரலால மூடுன. பீச்சே தெகைச்சு நின்னு, மெதுவா பின்னாடி ஒதுங்கிப் போச்சு. விரல எடுத்த, திரும்பி வந்துச்சு. மறுபடி மூடுன. மேசை மேல யாரும் கைய வெக்கக் கூடாதுங்கிற பிஷ்ட் ஜி உனக்கு வழி விட்டுத் தள்ளி நின்னார்.

திரும்பி வரும்போது மெட்ரோவுல என் மடியில உக்காந்துக்கிட்டு, ஊருக்குப் போனா தினமும் நீ போன்ல தெரிவியான்னு கேட்ட. தெரிவேன்னேன். "போனுக்கும் ஒரு கண்ணுதானேப்பா"ன்ன. ஆமான்னேன். ஜனக்புரி வர்ற வரைக்கும் நீ ஜன்னல் வழியா ஒரு கண்ண மூடிக்கிட்டே பாத்துக்கிட்டு வந்த.

வியாழக்கிழமை காலையில சோபாவுல உக்காந்த மேனிக்கே தூங்கிட்டேன் போல. முழிச்சப்ப நீ கைய முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்த. நான் மூஞ்சியக் கழுவாம, கண்ணாடி பாக்காம, ஒரு மணி நேரம் லேபுக்குப் போயிட்டு வந்திர்றேன், ஸ்டேஷனுக்கு நேரம் இருக்குன்னு சொல்லிக் கெளம்பிட்டேன். மெட்ரோவுல எதிர்ல இருந்த ஒரு அம்மா என்னையே பாத்துக்கிட்டு வந்தாங்க. கேட்ல செக்யூரிட்டி பாத்தார். பிஷ்ட் ஜி பாத்துட்டு, வழக்கமாப் பேசுறதுகூடப் பேசாம டீ கொண்டாந்து வெச்சார். துக்க வீட்டு ஆளுன்னு ஒதுங்கிப் போறாங்க, ரெண்டு மாசமா இதே கதைதானேன்னு விட்டுட்டேன்.

பீச்சேயோட கேமராவுல தூசின்னு சொன்னாங்க. துடைச்சுட்டு, சரியாயிருச்சான்னு குனிஞ்சு லென்சுக்கு நேரா மூஞ்சிய வெச்சு, ஸ்க்ரீனத் திரும்பிப் பாத்தேன். என் இடது கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு. பத்துப் பைசா அளவு, மார்க்கர் பேனாவுல, கொஞ்சம் கோணலா. நான் அசையாம நின்னேன். பிஷ்ட் ஜிகிட்ட இதை ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, உங்க மதராசிங்கள்ல இது ஏதோ சடங்குன்னு நினைச்சேன் சார், எப்படிக் கேக்குறதுன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிப்புன்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன். அது நிக்கல, பாதியில வேற ஏதோவா மாறிருச்சு. பிஷ்ட் ஜி போயி மேசையோட காத்த நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு வெளியில நின்னுக்கிட்டார். கரெண்ட் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்குடா. மீட்டர்தான் காட்டல.

சித்திக்குப் போன் பண்ணி, பையன் வரலன்னேன். அவ எழுந்து வாசலை எட்டிப் பாத்திருக்கணும். அப்புறம், "அவன் ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கான் அத்தான். நெனச்சா சரிங்கீக, நெனச்சா இல்லங்கீக. உப்பு போடுவீகளா?"ன்னா.

போடுவேன்னேன்.

"ருசி பாத்துப் போடுவீகளா?"

"எனக்கு ருசி தெரியல ராஜி. அவன்கிட்ட கேட்டுப் போடுவேன்."

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அப்ப அவன் டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணுங்க, இருக்கிற குழப்பத்துல என்னோடதையும் பண்ணிராதீகன்னா. சாயங்காலம் நம்ம ரெண்டு பேரும்தான் அவள வண்டி ஏத்திவிட்டோம். ஜன்னல் வழியா என் கன்னத்தப் பாத்துட்டு, இன்னும் அழிக்கலையான்னு கேட்டா. உன்கிட்ட, ஒரு மாசம் பாப்பேன், அப்பா சரியாப் பாத்துக்கிடலன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்னு சொன்னா. அது உனக்கு இல்ல, எனக்குச் சொன்னது.

வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியில உன்கிட்ட கேட்டேன், அப்பாவுக்கு எதுக்குடா பொட்டு வெச்சேன்னு. இதுகூடத் தெரியாதாங்கிற மாதிரி என்னைப் பாத்துட்டுச் சொன்ன: "ஊர்லேருந்து போன்ல பாக்கும்போது, நீ என் பக்கம் திரும்பியிருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ரெண்டு மாசமா நான் உன் எதிர்லதான்டா உக்காந்திருந்தேன். உனக்குத் தெரிஞ்சதெல்லாம் என் முதுகுதான்.

ரிப்போர்ட்டோட அடுத்த பதிப்புல அந்த வரிய மாத்திட்டேன். அம்மா பேரு இருக்கு, முழுப்பேரு, இனிஷியலோட. யாரும் சிரிக்கல. நீ இதைப் படிக்கிற அன்னிக்கி எந்த ஊருக்கு வேணும்னாலும் போ, எவ்வளவு தூரம் வேணும்னாலும் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். போன்ல உன் மூஞ்சியப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்கான்னு நானா முடிவு பண்ணிக்க மாட்டேன். தெரியலன்னா நகர்ந்து வந்து பாப்பேன். வண்டி ஏறி வருவேன். நீயும் அப்படியே வா. உனக்கு ஒருநாள் என்னை மாதிரி எல்லாம் மரத்துப் போச்சுன்னா, யார் கூட இருக்கியோ அவங்ககிட்ட சொல்லிரு, எனக்கு ருசி தெரியல, நீ சொல்லுன்னு. அதைச் சொல்ல நான் ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டேன். நீ அவ்வளவு நாள் எடுத்துக்காத.

சாயங்காலம் ஆச்சு. இப்பதான் எழுந்து போயி ரசத்துக்கு உப்புப் போட்டு, கரண்டியில ஊதி உன்கிட்ட நீட்டுனேன். ரயில் வரையிறத நிறுத்திட்டு, நாக்குல வெச்சுப் பாத்து, "தோடா அவுர்"ன்ன. இன்னும் கொஞ்சம் போட்டேன். மறுபடி நீட்டுனேன். சரின்னு தலைய ஆட்டிட்டு, கரண்டிய என் பக்கம் தள்ளி, நீயும் பாருப்பான்ன.

பாத்தேன். தெரியல. ஆனா நீ தலைய ஆட்டுனதப் பாத்தேன்.

அப்பா